முதலில் வாங்க வேண்டியது விமான டிக்கெட் அல்ல

கேள்வி இதுதான்: பெரியவர்கள் இருவர், 9 வயதிலும் 5 வயதிலும் பிள்ளைகள், கூடவே 66 வயதுப் பாட்டி. வெளிநாட்டில் ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போக ஆசை. கையைக் கடிக்காமல் போய்வர முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் பெரும்பாலோர் தொடங்கும் இடமே கோளாறு. சலுகை விலையில் விமான டிக்கெட் கண்ணில் பட்டதும் வாங்கிவிடுகிறார்கள். பிறகு அந்தத் தேதிக்கு ஹோட்டல் தேடுகிறார்கள். கடைசியில் பார்க் டிக்கெட் எடுக்கப் போகும்போதுதான் அந்த வாரம் அந்த நாட்டில் பள்ளி விடுமுறை என்று தெரிகிறது. டிக்கெட்டும் உச்ச விலை, ஹோட்டலும் உச்ச விலை, ஒவ்வொரு ரைடுக்கும் ஒன்றரை, இரண்டு மணி நேரக் காத்திருப்பு. விமானத்தில் மிச்சம் பிடித்தது நுழைவாயிலிலேயே கரைந்துபோகும். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் பார்க்கின் விலை நாட்காட்டி, அடுத்து விமானம், அதற்குப் பிறகு ரயில் பாதையைப் பார்த்து ஹோட்டல்.

பெரிய பார்க்குகளில் பலவும் இப்போது நாளுக்கு நாள் மாறும் விலையில்தான் டிக்கெட் விற்கின்றன. பார்க்கின் சொந்த இணையதளத்தில் மாத நாட்காட்டியைத் திறந்தால் ஒவ்வொரு தேதிக்குக் கீழும் ஒரு விலை இருக்கும். அதை வெறும் விலைப்பட்டியலாகப் பார்க்காதீர்கள். எந்த நாளில் எவ்வளவு கூட்டம் வரும் என்று பார்க் நிர்வாகமே கணித்துச் சொல்லும் முன்னறிவிப்பு அது. இணையத்தில் கிடைக்கும் கூட்டக் கணிப்புகள் எதையும்விட அதை நம்பலாம். விலை குறைந்த நாளில் டிக்கெட் மட்டும் மலிவு என்றில்லை, வரிசையும் குறுகும். வரிசை குறுகினால் அதைத் தாண்டிப் போகத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை.

டோக்கியோ டிஸ்னியை வைத்து உங்கள் ஐந்து பேருக்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அங்கே 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விலைப்படி ஒரு நாள் டிக்கெட் பெரியவருக்கு 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை, 4 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு 4,700 முதல் 5,600 வரை. மலிவான நாளில் மூன்று பெரியவர், இரண்டு பிள்ளைகளுக்கு 33,100 யென். உச்ச நாளில் அதே குடும்பத்துக்கு 43,900. வித்தியாசம் 10,800 யென், கிட்டத்தட்ட இன்னொரு பெரியவரின் டிக்கெட். கதை இத்தோடு முடியவில்லை. உச்ச நாளில் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, வரிசையைத் தாண்டும் பிரீமியர் அக்சஸ் வாங்குவீர்கள். அது ஒரு ரைடுக்கு ஆளுக்கு 1,500 யென்னில் தொடங்கும். பாட்டியை விட்டுவிட்டு நான்கு பேருக்கு இரண்டு ரைடு என்றாலே 12,000. ஆக அதே பார்க், அதே ரைடுகள், ஆனால் ஒரு நாளில் 33,100 யென், இன்னொரு நாளில் 55,900.

டோக்கியோவில் டிக்கெட் விற்பனை இரண்டு மாதத்துக்கு முன்புதான் திறக்கும், ஜப்பான் நேரம் பிற்பகல் 2 மணிக்கு. அதற்கும் முன்னால் விமானம் பார்க்க வேண்டியவர்கள் அந்த நாட்டின் விடுமுறைப் பட்டியலை வைத்துத்தான் தேதியைக் குறிக்க வேண்டும். உங்கள் ஊர் விடுமுறையை வைத்து அல்ல, அவர்கள் ஊர் விடுமுறையை வைத்து. ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரையிலான கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன், மார்ச் கடைசியின் பள்ளி விடுமுறை ஆகிய மூன்றையும் தவிருங்கள். ஷாங்காய், ஹாங்காங் என்றால் சீனப் புத்தாண்டும் அக்டோபர் முதல் வாரமும் ஆகாது. ஐரோப்பாவில் ஈஸ்டர், ஜூலை, ஆகஸ்ட், பிறகு கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை. புளோரிடாவில் இவற்றோடு நவம்பர் கடைசியின் நன்றி தெரிவிக்கும் நாள் வாரமும் சேரும். ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு சில வாரங்கள் வடக்கு நாடுகளின் பார்க்குகளில் பொதுவாக மந்தமான காலம். அதிலும் செவ்வாய், புதன், வியாழன்.

மந்தமான காலத்துக்கும் ஒரு விலை உண்டு. பார்க் சீக்கிரம் மூடும், குளிர் எலும்பைத் தொடும், பராமரிப்புக்காகப் பெரிய ரைடுகளை நிறுத்துவதும் பெரும்பாலும் அப்போதுதான். எந்த ரைடு எந்தத் தேதியில் மூடியிருக்கும் என்று பார்க்குகள் முன்கூட்டியே வெளியிடுகின்றன. பிள்ளைகள் எந்த ஒரு ரைடுக்காகக் கிடந்து துடிக்கிறார்களோ அது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விமானம் எடுப்பதற்கு முன்னால் பாருங்கள். மூடியிருந்த ரைடுக்காக யாரும் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள்.

அடுத்து, எந்தப் பார்க்? பெயரைப் பார்ப்பதற்கு முன் பிள்ளைகளின் உயரத்தை அளந்து பாருங்கள். 5 வயதுப் பிள்ளைகள் பொதுவாக 105 முதல் 110 செ.மீ. வரை இருப்பார்கள். பல பெரிய ரைடுகளின் எல்லை 102 செ.மீ. என்பதால் அவை உங்கள் சின்னதுக்குக் கிடைக்கும்: பாரிஸ், டோக்கியோ டிஸ்னிகளில் பிக் தண்டர் மவுண்டன், சிங்கப்பூர் யுனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ். ஆனால் டோக்கியோவின் இரண்டாவது டிஸ்னி பார்க்கான டிஸ்னிசீயின் இந்தியானா ஜோன்ஸுக்கு 117, பாரிஸின் ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 120, சிங்கப்பூரின் மம்மி ரைடுக்கு 122, அங்கேயே பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவுக்கு 125 வேண்டும். வீட்டில் செருப்பில்லாமல், சுவரோடு நிறுத்தி அளந்து எழுதி வையுங்கள். ஒரு செ.மீ. குறைந்தாலும் ஊழியர் விடமாட்டார், விடக்கூடாது. இருக்கையின் பாதுகாப்புத் தண்டு எந்த உடம்பைப் பிடித்து நிறுத்தும் என்று கணக்குப் பார்த்து வைத்த எல்லை அது. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு வாசலில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் அழுகையைவிட, வீட்டிலேயே சொல்லிவைத்த ஏமாற்றம் சின்னது.

பட்ஜெட் இறுக்கமாக இருந்தால், நகர ரயில் வாசல் வரை போகும் பார்க்கையே தேர்ந்தெடுங்கள். பாரிஸ், டோக்கியோ, ஹாங்காங், ஷாங்காய் டிஸ்னிகள், ஒசாகா யுனிவர்சல், சியோலின் லோட்டே வேர்ல்டு எல்லாமே அப்படி. முதல் பயணத்துக்குப் புளோரிடாவின் ஓர்லாண்டோவை நான் பரிந்துரைக்கமாட்டேன். இடம் மோசம் என்பதால் அல்ல. டிஸ்னி மட்டுமே அங்கே நான்கு பார்க். நான்கையும் பார்க்காமல் திரும்ப மனம் வராது, அதற்கு ஒரு வாரம் வேண்டும். வளாகத்துக்கு வெளியே தங்கினால் பெரும்பாலும் வாடகைக் கார் தேவைப்படும், பார்க் வாசலில் நிறுத்த நாளொன்றுக்கு 30 டாலர் அளவில் தனிக் கட்டணம். சிங்கப்பூர் யுனிவர்சல் இதற்கு நேர் எதிர். சின்னப் பார்க், ஒரே நாளில் நிதானமாக முடியும். பிரபலப் பெயர்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால், ஐரோப்பாவில் நெதர்லாந்தின் எஃப்டெலிங், ஜெர்மனியின் ரூஸ்ட் கிராமத்திலுள்ள யூரோப்பா பார்க், டென்மார்க்கின் பில்லுண்டில் விமான நிலையத்தை ஒட்டியே இருக்கும் லெகோலாண்ட் ஆகியவற்றையும் பாருங்கள். 5 வயதுக்கும் 9 வயதுக்கும் இவை கொடுக்கும் நாள் எந்த வகையிலும் குறைந்ததல்ல. என்ன, வாசலில் ரயில் நிலையம் கிடையாது. பக்கத்து ஊர் வரை ரயில், பிறகு பஸ்.

வயதுக் கணக்கு பார்க்குக்குப் பார்க் மாறும். பாரிஸிலும் ஹாங்காங்கிலும் 3 வயது முடியாத பிள்ளைக்கு இலவசம், 3 முதல் 11 வரை சிறுவர் டிக்கெட். டோக்கியோவிலும் ஒசாகா யுனிவர்சலிலும் கட்டணம் 4 வயதில் தொடங்கி 11 வரை சிறுவர் விலை. சிங்கப்பூரில் 4 முதல் 12. புளோரிடா டிஸ்னியில் 3 முதல் 9 வரை மட்டுமே, 10 வயதானால் பெரியவர் டிக்கெட். கணக்கில் எடுப்பது நுழையும் நாளின் வயதை. டிக்கெட் வாங்கிய நாளின் வயதை அல்ல. உங்கள் மூத்த பிள்ளைக்கு 10 வயது நெருங்குகிறது என்றால் புளோரிடாவுக்குப் பிறந்தநாளுக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் ஒன்றல்ல. பாட்டிக்கு ஹாங்காங்தான் அள்ளிக்கொடுக்கிறது: 60 வயது தாண்டியவர்களுக்கு ஒரு நாள் டிக்கெட் 100 ஹாங்காங் டாலர் என்று வைத்திருக்கிறார்கள். ஒசாகா யுனிவர்சலில் 65 தாண்டினால் சிறு தள்ளுபடி. மற்ற இடங்களில் முழு விலை கொடுத்து அழைத்துப் போவதற்கு முன், அவரால் எவ்வளவு நடக்க முடியும் என்று அவரிடமே கேளுங்கள். ஒரு நாளில் 15,000, 20,000 காலடி என்பது இங்கே சாதாரணம். வாடகைச் சக்கர நாற்காலி பெரிய பார்க்குகளில் கிடைக்கும். அதை அவமானமாக நினைக்காமல் ஏறிக்கொள்ளும் பாட்டி என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எத்தனை நாள்? ஒரு பார்க்குக்கு ஒரு நாள் போதும். இரண்டு நாள் டிக்கெட்டில் நாள் சராசரி குறைகிறதே என்று மயங்காதீர்கள். அதனோடு ஓர் இரவு ஹோட்டலும் ஐந்து பேரின் சாப்பாடும் ஒட்டிக்கொண்டு வரும். டிஸ்னிசீயையும் எட்டிப் பார்க்க ஆசை என்றால் டோக்கியோவில் மாலை டிக்கெட் உண்டு: வாரநாளில் 5 மணிக்கு மேல், வார இறுதியிலும் விடுமுறையிலும் 3 மணிக்கு மேல். பகலில் ஊர் சுற்றிவிட்டு மாலையில் நுழையலாம், விளக்கு போட்ட பிறகுதான் அந்தப் பார்க் அழகு. வந்து இறங்கும் நாளில் மட்டும் எந்தப் பார்க்கும் வேண்டாம். விமானம் தாமதமானால் தேதியிட்ட டிக்கெட் போனது போனதுதான். தாமதமாகாவிட்டாலும் நேர வித்தியாசத்தில் பிள்ளைகள் பிற்பகலிலேயே சுருண்டுவிடுவார்கள்.

இப்போது விமானம். தேதி ஒரு வாரம் அகலமாக இருக்கட்டும், பார்க் நாளை அதற்குள் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். மலிவு விமானத்தின் விலையைப் பார்க்கும்போது பெட்டிக்கான கட்டணம், பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார இருக்கைத் தேர்வுக் கட்டணம், இறங்கும் விமான நிலையம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பாருங்கள். மூன்றாவதில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். பாரிஸ் என்று எழுதியிருக்கும் பொவே விமான நிலையம் நகரிலிருந்து 80 கி.மீ.க்கும் மேல் தள்ளி இருக்கிறது, டிஸ்னி இருப்பதோ நகரின் எதிர்ப்பக்கம். சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்தோ டிஜிவி என்ற அதிவேக ரயில் பத்தே நிமிடத்தில் பார்க் வாசலில் இறக்கிவிடும். நள்ளிரவில் இறங்கும் மலிவு விமானமும் அப்படித்தான். கடைசி ரயில் போயிருக்கும், ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் பெரிய டாக்சி பிடிக்க வேண்டியிருக்கும். வீட்டு வாசலிலிருந்து ஹோட்டல் அறை வரை ஆகும் மொத்தத் தொகைதான் விமானத்தின் உண்மையான விலை. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2 வயது வரைதான் மடியில் வைத்துக்கொண்டு போவதற்கான கட்டணம். பயணத்தின் நடுவே 2 முடிந்தால் திரும்பும் விமானத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும்.

விசா தேவைப்படும் நாடு என்றால் பணம் கட்டும் வரிசையும் மாறும். முதலில் ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் முன்பதிவு, பிறகு விசா, கைக்கு விசா வந்த பிறகு திரும்பப்பெற முடியாத பார்க் டிக்கெட். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்திருக்க வேண்டும். விடுமுறைக் காலத்தில் நேர்முக நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45, 6 வயதுக்குக் கீழ் இல்லை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். சிங்கப்பூருக்கான வருகை அட்டை இலவசம், வந்து சேர்வதற்கு 3 நாளுக்குள் நிரப்பினால் போதும். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் இதற்கே பணம் கேட்கும். அரசுத் தளம் எது என்று முகவரியைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளை அழைத்துப் போனால், மற்றவரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் பையில் இருக்கட்டும்.

தங்குமிடத்தைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, பார்க்குக்குள்ளேயே தங்கினால்தான் வசதி. மற்றொன்று, நகர மையத்தில் தங்கினால்தான் வசதி. இரண்டும் விலை கூடியவை. மாறாமல் ஒரே ரயிலில் பார்க்கை அடையும் பாதையில், பார்க்கிலிருந்து ஒன்றிரண்டு நிறுத்தம் தள்ளித் தங்குவதே சரியான இடம். பாரிஸில் ஆர்இஆர் ஏ என்ற புறநகர் ரயில் பாதையின் கடைசி நிலையம் மார்ன் லா வாலே ஷெஸ்ஸி, அதுவே பார்க் வாசல். அதற்கு முந்தைய நிலையம் வால் தெரோப். அங்கே பெரிய வணிக வளாகம், அதற்குள் பெரிய மளிகைக் கடை, சுற்றிலும் சமையலறையோடு கூடிய அறைகள். பாரிஸ் வட்டாரத்தில் 2025 ஜனவரியிலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் ரயிலுக்கு ஒரே கட்டணம் (தொடங்கியபோது 2.50 யூரோ, விமான நிலையப் பயணம் மட்டும் தனி), எனவே நகருக்குள் தங்கினாலும் ரயில் செலவு முன்போல் உறுத்தாது. பயண அட்டை ஆளுக்கொன்று வேண்டும்; ஒரே அட்டையை ஐந்து பேரும் தட்ட முடியாது.

டோக்கியோவில் பார்க்குக்கு இறங்கும் மைஹாமா நிலையத்துக்கு அடுத்த நிறுத்தம் ஷின் உராயாசு. குடும்ப ஹோட்டல்கள் உள்ள இடம். டோக்கியோ ஸ்டேஷன் பக்கம் தங்கினால் ரயில் கால் மணி நேரம்தானே என்று வரைபடம் சொல்லும். அது சொல்லாமல் விடுவது, பார்க்குக்குப் போகும் கேயோ பாதையின் நடைமேடை அந்த நிலையத்தின் மற்ற நடைமேடைகளிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஆழத்தில் இருக்கிறது என்பதை. நீண்ட சுரங்க நடைபாதை, ஒன்றன்பின் ஒன்றாக எஸ்கலேட்டர். பாட்டியோடும் தூங்கும் பிள்ளையோடும் பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கும். அதே பாதையில் அடுத்திருக்கும் ஹச்சோபோரி நிலையத்தின் அருகே தங்கினால் இந்த நடை மிச்சம். ஒசாகாவில் நிஷிகுஜோ நிலையத்தைச் சுற்றித் தேடுங்கள், அங்கிருந்து யுனிவர்சல் சிட்டி இரண்டாவது நிறுத்தம். ஹாங்காங்கில் துங் சுங் பாதையில் தங்கினால் சன்னி பேயில் மட்டும் மாறவேண்டும்.

பார்க் ஹோட்டலில் தங்கினால் சீக்கிரம் உள்ளே விடுவார்களே என்பீர்கள். எவ்வளவு சீக்கிரம் என்று பாருங்கள். டோக்கியோவில் அது 15 நிமிடம். அந்தப் 15 நிமிடத்துக்காக மட்டும் இரவுக் கட்டணத்தை இரட்டிப்பாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்று, ஜப்பானில் பல ஹோட்டல்கள் அறைக்கு அல்ல, ஆளுக்குக் கணக்கிடும். பெற்றோரின் படுக்கையிலேயே படுக்கும் சின்னப் பிள்ளைக்கு விலக்கு உண்டு, வயது எல்லை ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். முன்பதிவின்போது பிள்ளைகளின் உண்மையான வயதைப் போட்டால்தான் சரியான தொகை வரும்; மறைத்துப் போட்டால் வரவேற்பறையில் கூடுதல் கேட்பார்கள்.

பார்க் டிக்கெட்டை அதன் சொந்தத் தளத்தில் வாங்குவது உத்தமம். வெளிநாட்டு கார்டை அந்தத் தளம் ஏற்க மறுத்தால் — டோக்கியோவில் இது அடிக்கடி கேட்கும் புகார் — பார்க்கே அங்கீகரித்த விற்பனைத் தளங்களுக்குப் போகலாம். தனிநபரிடம் மலிவாக வாங்காதீர்கள். குறிப்பாக, பல நாள் டிக்கெட்டில் ஒரு நாள் போக மீதி இருக்கிறது என்று ஓர்லாண்டோ பக்கம் விற்பார்கள். அது முதலில் பயன்படுத்தியவரோடு பிணைந்தது, வாசலில் திறக்காது. டிக்கெட்டுகளைப் பார்க்கின் செயலியில் ஏற்றி, குறியீட்டுப் படங்களை இரண்டு ஃபோன்களிலும் சேமித்து வையுங்கள்.

உள்ளே போன பிறகு பணத்தை மிச்சம் பிடிப்பது கடிகாரம்தான். திறப்பு நேரம் 9 என்று போட்டிருந்தால் 8.15க்கு வாசலில் நில்லுங்கள். பாதுகாப்புச் சோதனைக்கே நேரம் போகும், கூட்டம் சேர்ந்தால் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே திறப்பதும் உண்டு. முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கும் ரைடுகளின் எண்ணிக்கை, நண்பகலிலிருந்து மாலை வரை முடிப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். அந்த நேரத்தை வாசலருகே புகைப்படம் எடுப்பதிலும் கடை பார்ப்பதிலும் கரைக்காதீர்கள். மிகப் பெரிய வரிசை சேரும் ஒரு ரைடுக்கு நேராகப் போங்கள், பிறகு அதே பகுதியில் இருப்பவை. பதினொன்றுக்கே சாப்பிடுங்கள். வெயில் நேரத்துக்கு உள்ளரங்கக் காட்சிகள். அணிவகுப்பு நடக்கும் நேரத்தில் ரைடு வரிசைகள் பல இடங்களில் சற்றே தளரும், பிள்ளைகள் அணிவகுப்பை விட்டுக்கொடுப்பார்களா என்பது வேறு விஷயம். மூடும் நேரத்துக்குச் சில நிமிடம் முன்பு வரிசையில் நுழைந்துவிட்டாலும் பொதுவாக ஏற்றித்தான் அனுப்புவார்கள், ஆகவே நீளமான வரிசை ஒன்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

காசில்லாத சலுகை ஒன்று, பலருக்குத் தெரியாமலே போகிறது: பிள்ளை மாற்று முறை. ரைடர் ஸ்விட்ச், சைல்ட் ஸ்விட்ச் என்று பார்க்குக்கு ஒரு பெயர். உயரம் போதாத பிள்ளை இருந்தால், வரிசையில் நுழையும் முன் வாசல் ஊழியரிடம் குடும்பமாகப் போய்க் கேளுங்கள். அப்பா மூத்ததை அழைத்துக்கொண்டு வரிசையில் நின்று ஏறுவார்; அம்மா சின்னதோடு வெளியே இருப்பார். அவர்கள் இறங்கியதும் அம்மா முழு வரிசையில் நிற்காமல் தனி வழியில் போய் ஏறலாம். பல இடங்களில் ஒருவரைக் கூட அழைத்துப் போக விடுவதால், மூத்த பிள்ளைக்கு ஒரே வரிசையில் இரண்டு சவாரி. உங்கள் வீட்டில் பாட்டி இருப்பதால் நிழலில் அவரோடு சின்னதை விட்டுவிட்டு மூவரும் சேர்ந்தே போகலாம்தான், ஆனால் அவரை நாள் முழுக்கக் காவலுக்கு உட்கார வைப்பது நியாயமில்லை. தனியாள் வரிசை இருக்கும் ரைடுகளில் பெரியவர்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டாலும் நேரம் மிச்சம். வரிசையைத் தாண்ட யுனிவர்சல் விற்கும் எக்ஸ்பிரஸ் பாஸின் விலையும் நாளுக்கு நாள் மாறும். ஒசாகாவில் கூட்ட நாட்களில் அது நுழைவு டிக்கெட்டையே மிஞ்சும். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, அதுவும் தவிர்க்க முடியாத உச்ச நாள் என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

சாப்பாட்டில் விதிகள் இடத்துக்கு இடம் வேறு. புளோரிடா டிஸ்னியில் சொந்தச் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. பானம் விற்கும் உணவுக் கவுன்ட்டர்களில் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசமாகவே தருவார்கள். ஷாங்காயில் முன்பு வெளிச் சாப்பாட்டுக்குத் தடை இருந்தது. சட்ட மாணவி ஒருவர் வழக்குப் போட்ட பிறகு 2019 செப்டம்பரில் தளர்த்தினார்கள், சூடாக்க வேண்டியதும் கடும் வாசனை அடிப்பதும் மட்டும் ஆகாது. டோக்கியோவில் உள்ளே கொண்டுபோகக் கூடாது, வாசலுக்கு வெளியே அதற்கென்று இருக்கும் பிக்னிக் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். குழந்தை உணவுக்கும் ஒவ்வாமைக்காரருக்கும் விலக்கு உண்டு. வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப நுழையலாமா என்பதைக் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒசாகா யுனிவர்சலில் வெளியேறினால் பொதுவாக அன்றைக்கு அவ்வளவுதான். உண்மையில் காசு ஒழுகுவது மதியச் சாப்பாட்டில் அல்ல, நடுநடுவே வாங்கும் பாட்டில் தண்ணீர், ஐஸ்கிரீம், பாப்கார்ன் டப்பாவில். ஆளுக்கொரு காலிப் பாட்டில் கொண்டுபோய்க் குழாயில் நிரப்பினாலே ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு பாட்டில் காசு மிச்சம்.

மழைக்கோட்டு, தொப்பி, பவர் பேங்க் மூன்றையும் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். உள்ளே அவற்றுக்குப் பார்க்கின் படம் அச்சிட்ட விலை. பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. பொம்மைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று அந்த நாட்டுக் காசாகவே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். தன் கைக்காசு என்றால் 9 வயதுப் பிள்ளை விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கும். கார்டு இயந்திரம் உங்கள் நாட்டுப் பணத்திலா, அந்த நாட்டுப் பணத்திலா என்று கேட்டால் எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே அழுத்துங்கள். சொந்தப் பணத்தில் தெளிவாகத் தெரிகிறதே என்று அழுத்தினால், கடைக்காரரின் வங்கி தனக்குச் சாதகமான மாற்று விகிதத்தைப் போடும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்.

காலையில் கிளம்பும் முன் பிள்ளைகளை அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்து, உங்கள் எண்ணை அவர்கள் மணிக்கட்டில் எழுதிவிடுங்கள். தொலைந்தால் ஊழியரிடம் காட்ட அந்தப் படம் போதும்.

இரவு வாணவேடிக்கை முடிந்ததும் மொத்தப் பார்க்கும் ஒரே ரயில் நிலையத்துக்குப் பாயும். ஒன்று, முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே வாசல் பக்கம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் அரை மணி நேரம் உள்ளேயே கடைகளைச் சுற்றிவிட்டு நிதானமாக வாருங்கள். எப்படியானாலும் கடைசி ரயிலின் நேரம் ஃபோனில் குறித்திருக்கட்டும். மடக்கும் தள்ளுவண்டி வேண்டுமா என்ற கேள்விக்கும் பதில் அந்த நேரத்தில்தான் கிடைக்கும். 5 வயதாகிவிட்டதே, எதற்கு என்று விட்டுவிட்டுப் போய் உள்ளே வாடகைக்கு எடுப்பார்கள். வாடகை வண்டி வாசலோடு நின்றுவிடும், தூங்கிப்போன பிள்ளையை அங்கிருந்து ஹோட்டல் வரை சுமக்க வேண்டும். ஆகவே இரவல் வாங்கியாவது இலேசான வண்டி ஒன்றைக் கொண்டுபோங்கள். பல விமான நிறுவனங்கள் அதைப் பெட்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் விமானத்தில் 5 வயதுக்கும் அந்தச் சலுகை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பகல் முழுக்க அது தண்ணீரையும் குளிர் உடைகளையும் சுமக்கும்.